ஒரே வண்டி, இரண்டு விதிப் புத்தகம்

மோட்டார்ப் பந்தயம் என்று சொன்னவுடன் நம்மில் பலருடைய மனக்கண் முன் தோன்றுவது ஒரு கோடீசுவரர், அவருக்கு ஒரு தனி விமானம், வண்டியைச் சுற்றி இருபது சிப்பந்திகள், வண்டியின் உடம்பு முழுவதும் ஒட்டிய விளம்பரச் சீட்டுகள் இவைதாம். "இது நமக்கு ஏற்பட்டதல்ல" என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். இவ்வாரம் நேயர்கள் அவ்விதம் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லப் போவது கோடீசுவரர்களின் பந்தயத்தைப் பற்றியன்று. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸில் கணக்கெழுதியும், பட்டறையில் உழைத்தும், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லியும் பிழைத்து, ஆறாம் நாள் தம் சொந்த வண்டியை ஒரு டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு பந்தய மைதானத்துக்குப் போகும் அமெச்சூர்களைப் பற்றியது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜயித்தால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கோப்பையும் கைதட்டலுந்தான்.

இவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் கால்கள் இரண்டுதாம். மோட்டார்ப் பந்தயத்திலோ கால்களையே கடையில் வாங்கலாம். நூறு ரூபாய் செலவழித்தவனை ஆயிரம் ரூபாய் செலவழித்தவன் முந்துவான். அவனைப் பதினாயிரக்காரன் முந்துவான். இரண்டு வருஷத்தில் நூறு ரூபாய்க்காரன் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்து விடுவான். பிறகு பதினாயிரக்காரனுக்குந்தான் எதிரி ஏது?

இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதுதான் ஒரே மாதிரி வண்டிப் பந்தயம். எல்லோருக்கும் ஒரே ரக வண்டி, ஒரே இஞ்சின், ஒரே டயர். வித்தியாசம் ஓட்டுகிறவன் கையிலும் மூளையிலும் மட்டுமே இருக்கட்டும் என்பது சித்தாந்தம். சொல்வதற்கு இது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியைச் சட்டமாக எழுதப் புகுந்தவர்கள் நூறு பக்கம் எழுதியும் முடிக்கவில்லை! ஒரே நோக்கத்தோடு, ஏறக்குறைய ஒரே வண்டிக்கு எழுதப்பட்ட இரண்டு விதிப் புத்தகங்களை அருகருகே வைத்துப் படித்தால், மனித சுபாவத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளக் கூடியது அநேகம். சில நாவல்களைக் காட்டிலும் இது சுவாரசியமான படிப்பு என்பது என் அபிப்பிராயம்.

கதையை இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1922 முதல் 1939 வரையில் அந்நாட்டில் 'ஆஸ்டின் ஸெவன்' என்ற குட்டி வண்டி ஏராளமாகத் தயாராயிற்று. அதன் இஞ்சின் 747 கன சென்டிமீட்டர். நம் நாட்டு மாருதி 800-ஐவிடச் சற்றுச் சிறியது. யுத்தம் மூண்ட 1939-ஆம் ஆண்டில் இந்த வண்டியின் பிரியர்கள் சேர்ந்து '750 மோட்டார் கிளப்' என்று ஒரு சங்கம் கண்டார்கள். யுத்தம் முடிந்தபின், பழைய ஆஸ்டினை வாங்கி மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசான கூட்டைத் தாமே தட்டிப் பொருத்திப் பந்தயம் விடுவதற்கு அவர்கள் ஒரு விதித் தொகுதி வகுத்தார்கள். இன்ன இன்ன பாகங்கள் ஆஸ்டினுடையவையாக இருக்கவேண்டும். மற்றவற்றை உன் சாமர்த்தியப்படி செய்துகொள் என்பது அதன் போக்கு. அதாவது, தடுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது.

இங்கேதான் காலின் சாப்மன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். ஆஸ்டின் இஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு. ஆனால் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி உள்ளே போவதற்கு வாயில்கள் இரண்டேதாம். ஒரு வாயிலை இரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடும் இரண்டு குழந்தைகளைப்போல, முந்தியது வயிறார உண்ணும்; பிந்தியதற்கு மிச்சந்தான். வாயில்கள் இரண்டுதான் இருக்கவேண்டுமென்று விதி இருந்ததே ஒழிய, வாயிலுக்குள் தடுப்புச் சுவர் வைக்கக் கூடாதென்று விதி இல்லை. சாப்மன் ஒவ்வொரு வாயிலின் நடுவிலும் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, இரண்டை நான்காக ஆக்கிவிட்டார். 1951-ஆம் வருஷப் பந்தயங்களில் அவருடைய வண்டியை மற்றவர்களால் நெருங்க முடியவில்லை. சங்கத்தார் விதியைத் திருத்தி அந்தத் தகட்டைத் தடைசெய்தார்கள். சாப்மனும் அத்துடன் அந்தச் சின்ன மைதானத்தைக் கடந்து போய்விட்டார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் வண்டிகளைச் செய்தவர் இவர்தாம்.

சங்கத்தார் செய்தது நியாயமா? நியாயமென்றே நான் சொல்வேன். தகட்டை அனுமதித்திருந்தால் அடுத்த வருஷம் எல்லோரும் தகடு வைத்திருப்பார்கள். செலவு கூடியிருக்குமே தவிர, பந்தயம் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். ஆனால் ஒன்றை மறுப்பதற்கில்லை. தடுக்காததெல்லாம் அனுமதி என்ற விதியின் கீழ்தான் சாப்மன் போன்ற மூளைகள் வேலை செய்யும். ஒரு பட்டறைப் பையனை இஞ்சினீயர் ஆக்கவேண்டுமானால் இந்தப் பாணி நல்லது. கணக்கெழுதும் குமாஸ்தா வருஷந்தோறும் தடையின்றிப் பந்தயம் விடவேண்டுமானால் இது போதாது.

அமெரிக்காவில் ஒரு குமாஸ்தாப் பந்தயம் 1963-இல் அங்கீகாரம் பெற்றது. 'பார்முலா வீ' என்று அதற்குப் பெயர். புளோரிடா மாகாணத்தில் வோல்க்ஸ்வாகன் வண்டிகளை விற்றுவந்த ஹ்யூபர்ட் பிரண்டேஜ் என்பவரின் யோசனையிலிருந்து பிறந்தது இது. வண்டு போன்ற அந்த வோல்க்ஸ்வாகன் வண்டியை நேயர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். அதன் 1200 கன சென்டிமீட்டர் இஞ்சின், கியர்ப் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு, பிரேக் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் உட்காரும் சட்டகத்தில் பொருத்த வேண்டும். சட்டகத்தை எப்படிச் செய்தாலும் சரி.

இங்கிலாந்தில் நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 ஜூலையில், பிராண்ட்ஸ் ஹாச் மைதானத்தில் 'பார்முலா போர்டு' ஆரம்பமாயிற்று. இதுவும் அதே குலந்தான். பந்தயம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஒன்று, பந்தய இஞ்சின்களின் விலை தாங்காமல், சாதாரண போர்டு கார்ட்டினா வண்டியின் இஞ்சினை வைத்து ஓட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை இது. சட்டகம் இங்கும் அவரவர் இஷ்டம். ஆனால் இரண்டு வித்தியாசங்கள். முதலாவது, வீ வண்டியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சுகள் தெருவில் ஓடும் வண்டியினுடையவையாகவே இருக்கவேண்டும். போர்டில் அவற்றைப் பந்தயத்துக்கென்றே புதிதாக வடிவமைக்கலாம். இரண்டாவது, போர்டு வண்டியின் விலை 1,000 பவுனுக்கு மேற்படக் கூடாதென்று விதித்திருந்தார்கள்.

அச்சைப் பற்றிய விதியும் ஆயிரம் பவுன் விதியும் ஒரே காரியத்துக்காக ஏற்பட்டவையே. ஏழை வெளியேறாதிருக்க வேண்டும். ஆனால் அவற்றின் ஆயுளைப் பாருங்கள். 1970-க்குப் பிறகு இங்கிலாந்தில் விலைவாசி ஏறிய வேகத்தில் ஆயிரம் பவுன் விதி நிலைக்கவில்லை. நாணயத்தில் எழுதிய விதி நாணயத்தோடு தேய்ந்து போயிற்று. இரும்பில் எழுதிய விதியோ, வோல்க்ஸ்வாகன் வண்டு தெருவிலிருந்து மறைந்த பிறகும் மறையவில்லை. போர்டு வண்டிகள் நாளடைவில் பெரும் பந்தயங்களுக்கு ஏணியாயின. பிரேஸில் தேசத்து அயர்ட்டன் ஸென்னா 1981-இல் இங்கிலாந்துக்கு வந்து முதலில் ஏறிய படி அதுதான். ஏணியாக ஆனவுடன், ஏறுகிறவர்களின் தகப்பனார்கள் பணப்பையைத் திறந்தார்கள்; செலவு உயர்ந்தது. வீயிலும் ஏணி ஏறிப் போனவர்கள் உண்டு; நிக்கி லௌடாவும் எமர்ஸன் பிட்டிபால்டியும் அதில் ஓட்டியவர்களே. இருந்தாலும் அது கடைசிவரை வீட்டுக் கொட்டகையில் தயாராகும் வண்டியாகவே பெயர் வாங்கியது.

நம்மவரும் இந்தக் குலத்தில் ஒரு கிளையை நட்டிருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போவது சரியாகாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், நம் தெருக்களில் எங்கும் ஓடிய மாருதி 800-இன் இஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தய வண்டியில் வைத்தார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. அமெரிக்கர் வண்டைப் பிடித்தார்கள், ஆங்கிலேயர் கார்ட்டினாவைப் பிடித்தார்கள், நமக்கு மாருதி. எந்த இஞ்சினுக்கு எந்த ஊர்ப் பட்டறையிலும் உதிரிப் பாகம் கிடைக்குமோ, எந்த மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரியுமோ, அதுவே ஏழைப் பந்தயத்துக்கு உகந்த இஞ்சின் என்ற சூத்திரத்தை அவர் அயல்நாட்டு வண்டியை இறக்குமதி செய்து அல்ல, உள்ளூர் வண்டியைக் கொண்டே நிரூபித்தார். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர் மைதானத்தில் தம் முதற் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியில்தான். அவரே 2005-இல் ஜார்டன் கோஷ்டியின் சார்பில் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1995-லேயே அகால மரணமடைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ஜப்பானிய மாஸ்டா கம்பெனியார் 1989-இல் மியாட்டா என்ற சிறு வண்டியை வெளியிட்டார்கள். இரண்டு பேர் உட்காரலாம். மேல்துணியை மடித்து விடலாம். எடை சுமார் ஒரு டன். முதலில் 1600 கன சென்டிமீட்டர் இஞ்சின், 1994 முதல் 1800. அமெரிக்காவில் ஏராளமாக விற்றபடியால், பத்து வருஷங்களில் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கலாயின. 1990-களின் இறுதியில் 'ஸ்பெக் மியாட்டா' என்ற பந்தய வகுப்பு உருவாயிற்று. உள்ளேயிருக்கும் மெத்தை, கம்பளம் முதலியவற்றை நீக்கி, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் தலையைக் காக்க இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றை அமைத்து, எல்லோரும் ஒரே கம்பெனியின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் பொருத்திக்கொள்ள வேண்டியது. இஞ்சினை மட்டும் தொடக் கூடாது.

இந்த வகுப்பை இரண்டு ஸ்தாபனங்கள் நடத்துகின்றன. ஒன்று 1944-இல் தோன்றிய 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா'. இது அங்கத்தினர்களின் சங்கம். விதியை மாற்றவேண்டுமென்று எந்த அங்கத்தினரும் கடிதம் எழுதலாம். கமிட்டி கூடிப் படித்து, விவாதித்து முடிவு செய்யும். மற்றொன்று 1991-இல் தோன்றிய 'நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அஸோஸியேஷன்'. பெயர் சங்கம் போல் இருந்தாலும் இது ஒரு கம்பெனி; வகுப்புக்கு ஒரு டைரக்டர் உண்டு; அவர் தீர்மானிப்பார். முன்னது கிராமப் பஞ்சாயத்து. பின்னது ஜமீன் கச்சேரி என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தில் காரியம் மெதுவாக நடக்கும், ஆனால் கேள்வி கேட்கலாம். கச்சேரியில் காரியம் உடனே நடக்கும். ஜமீன்தார் நல்லவராக இருந்துவிட்டால் எல்லாம் க்ஷேமம்.

இரண்டு புத்தகங்களும் பத்துக்கு ஒன்பது பங்கு ஒன்றே. இரண்டும் 750 கிளப்புக்கு நேர் எதிரிடையான கொள்கையில் நிற்பவை. புத்தகத்தில் அனுமதி எழுதியிருந்தால் ஒழிய எதையும் செய்யக்கூடாது என்பது அவற்றின் ஆதார சுருதி. சாப்மன் தகடு இங்கே செல்லாது. பின் வித்தியாசம் எங்கே என்றால், ரொம்பச் சின்ன இடத்தில், டயரில்!

2010-ஐ அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சாயத்துக்காரர்கள் ஹூஸியர் டயரை விதித்திருந்தார்கள். கச்சேரிக்காரர்கள் டோயோ டயரை விதித்திருந்தார்கள். ஹூஸியர் வேகம் அதிகம், சீக்கிரம் தேயும். டோயோ சற்றே மெது, நாள்பட உழைக்கும் என்பது ஓட்டுகிறவர்களிடையே பொதுவான பேச்சு. இவ்விரண்டில் எதை வைத்தாலும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரையில் நியாயத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குமாஸ்தா இந்த மாதம் பஞ்சாயத்துப் பந்தயத்துக்கும் அடுத்த மாதம் கச்சேரிப் பந்தயத்துக்கும் போக விரும்பினால்? வண்டி அதேதான், இஞ்சின் அதேதான், அவரும் அவரேதான். டயர் மட்டும் இரண்டு ஜதை வேண்டும். இரு வகை டயருக்கும் ஏற்றபடி சக்கரங்களின் சாய்வை வெவ்வேறாகத் திருத்தி ஓட்டிப் பழகவேண்டும். பழகுவதற்கு மைதான வாடகை. இரண்டு ஸ்தாபனங்களும் ஏழைக்காகவே விதி எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் ஏழையின் பணம் ஒழுகிற்று.

இன்னொரு சிக்கல் இரண்டு புத்தகங்களுக்கும் பொது. மியாட்டாவில் பல வயது வண்டிகள் உண்டு. 1600, முந்திய 1800, 1999-இல் வந்த புதிய உடம்பு, 2001-இல் வந்த இன்னும் பலமான இஞ்சின் என்று பிரிவுகள். பெயர் ஒரே மாதிரிப் பந்தயம். வண்டியோ நான்கு மாதிரி! பலமுள்ள வண்டிக்கு அதிக எடை, சில வண்டிகளின் மூச்சுக் குழாயில் நடுவே துளையிட்ட தகடு, இளைத்த வண்டிக்கு எடையில் சலுகை என்று தராசைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1600 வைத்திருப்பவர் தமக்கு அநியாயம் என்பார். 1999 வைத்திருப்பவரும் அதையே சொல்வார். இதனோடு ஒப்பிட வேறொரு வகுப்பு இருக்கிறது. பழைய பி.எம்.டபிள்யூ 325 வண்டிகளுக்கென்று ஏற்பட்ட 'ஸ்பெக் ஈ-30'. அங்கே இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்றே. ஆகவே தராசு வேலை குறைவு, சண்டையும் குறைவு. ஆனால் ஒரே வகை வண்டியாதலால், பழைய வண்டிகள் அருகிப்போகப் போக விலை ஏறும். பல மாதிரிகளை அனுமதித்த மியாட்டாவுக்கு வண்டிப் பஞ்சம் அவ்வளவு எளிதில் வராது. சண்டைக்கு விலை அது.

மேலே சொன்னவையெல்லாம் கண்ணால் காணக்கூடிய வித்தியாசங்கள். காணமுடியாத ஒன்றினால் வந்த விபரீதத்தைச் சொல்கிறேன்.

2014-ஆம் வருஷம் பஞ்சாயத்துச் சங்கத்தின் தேசிய இறுதிப் பந்தயங்கள் கலிபோர்னியாவில் லகூனா ஸெகா மைதானத்தில் நடந்தன. ஸ்பெக் மியாட்டாப் பந்தயம் முடிந்ததும், முன்னணியில் வந்த வண்டிகளின் இஞ்சின்களைப் பிரித்துப் பரிசோதித்தார்கள். இஞ்சினின் தலைப்பகுதியில், வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழே, ஆவி திரும்பும் வளைவில், வார்ப்பிலும் கடைசலிலும் ஏற்பட்ட ஒரு சிறு விளிம்பு இயற்கையாக இருக்கும். ஓடும் நீரில் கிடக்கும் கல்லைப்போல அது ஆவியைச் சற்றுத் தடுக்கும். அந்த விளிம்பை இழைத்து வழவழப்பாக்கியிருந்தது பல இஞ்சின்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதி எழுதப்படாத காரியம். முன்னணி வண்டிகள் சில போட்டியிலிருந்து நீக்கப்பட்டன.

இதில் வருத்தம் என்னவென்றால், ஓட்டியவர்களில் அநேகர் தம் இஞ்சினைத் தாமே கட்டியவர்கள் அல்லர். தேர்ந்த பட்டறையில் பெரும் விலை கொடுத்து வாங்கிப் பொருத்தியவர்கள். உள்ளே விரற்கடை ஆழத்தில் யார் எவ்வளவு இழைத்தார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பட்டறைக்காரர்களைக் கேட்டால், எல்லோரும் செய்கிற சுத்திகரிப்புத்தான் என்பார்கள். வழக்கம் வளர்ந்து வளர்ந்து விதியைத் தின்றுவிட்டது. பிறகு சங்கத்தார் என்ன செய்தார்கள்? அந்த இடத்தில் எவ்வளவு கடையலாம் என்பதை அளவோடு எழுதி விதியையே திருத்தினார்கள். ஏற்கனவே இழைக்கப்பட்ட தலைகளையெல்லாம் குப்பையில் போடச் சொல்வதைவிட இது மேல் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் விதியை நம்பி, இழைக்காமல் ஓட்டிப் பின்தங்கியவன் ஒருவன் இருந்திருப்பானல்லவா? அவனும் இப்பொழுது பணம் கொடுத்து இழைத்துக்கொள்ள வேண்டும். உத்தமனாக இருந்ததற்கு அபராதம் என்பது இதுதான்.

"அவன் முன்பே ஆட்சேபம் செய்திருக்கலாமே?" என்று நேயர்கள் கேட்கலாம். செய்யலாம். அந்தச் சங்கத்தின் முறைப்படி யாரும் யார் வண்டியின்மீதும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதற்கும் திரும்பக் கட்டுவதற்கும் ஆகும் செலவை ஆட்சேபம் செய்கிறவர் முன்கூட்டியே ஜாமீனாகக் கட்டவேண்டும். வண்டி சட்டத்துக்கு விரோதமென்று தெரிந்தால் பணம் திரும்பும்; சரியான வண்டியென்று தெரிந்தால் பணம் எதிராளிக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் குற்றம் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் தோற்றவன் ஒவ்வொருவனும் ஜயித்தவனுடைய இஞ்சினைப் பிரிக்கச் சொல்வான். ஆயினும் இதன் பலன் என்ன? ஜாமீன் கட்ட வசதியுள்ளவனுக்கே சந்தேகப்பட உரிமை உண்டு. நம் நாட்டில் கோர்ட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கடம் வரவே வேண்டாமென்று அதே சங்கத்தார் இன்னொரு வகுப்பை நெடுநாளாக நடத்துகிறார்கள். 1980-களில் ரெனோ இஞ்சினுடன் பிறந்து, பின்னர் போர்டு இஞ்சினுக்கு மாறிய 'ஸ்பெக் ரேஸர்' அது. சங்கத்தின் துணைக் கம்பெனியே வண்டியைத் தயாரித்து விற்கிறது. இஞ்சினுக்கு முத்திரை வைத்துவிடுகிறார்கள்! சொந்தக்காரர் அதைத் திறக்கக் கூடாது. பழுதானால் அதிகாரம் பெற்றவர்தாம் திறக்கலாம். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்த்தால் போதும்.

மியாட்டாக்காரரைக் கேட்டால், "என் இஞ்சினை நானே தொட முடியாதென்றால் அது என்ன அமெச்சூர் பந்தயம்? கடையில் வாங்கிய பொம்மையல்லவா?" என்பார். பாகங்களை ஒரே கடையில் வாங்கவேண்டியிருப்பதால் அந்தக் கடை சொன்னதே விலை என்பார். இரண்டும் நியாயமான வார்த்தைகள். ஸ்பெக் ரேஸர்காரரோ, "நீர் இஞ்சின் பட்டறைக்குக் கொடுப்பதை நான் முத்திரைக்குக் கொடுக்கிறேன், எனக்குத் தூக்கம் வருகிறது" என்று பதில் சொல்வார். எனக்கு இந்த இரண்டாவது பேச்சில் பாதி மனந்தான் சாய்கிறது. தன் கையால் இஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த ஒரு தகப்பனும், பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ஒரு பிள்ளையும் அமெச்சூர் பந்தயத்தின் பாதி இன்பம். முத்திரை அந்த இன்பத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது.

பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்து பழகிய எனக்கு, இந்த விதிகளைக் கடுமை, இளக்கம் என்று தரம் பிரிப்பதில் பிரயோஜனமில்லை என்று தோன்றுகிறது. மீறப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எவ்வளவு செலவாகும் என்பதைக்கொண்டே தரம் பிரிக்கவேண்டும். டயர் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை படித்துச் சொல்லிவிடும். மூச்சுக் குழாய்த் தகட்டின் துளையை அளக்க ஒரு அளவுக் கம்பி போதும். வீயின் அச்சு வண்டினுடையதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆகையினால்தான் அந்த விதிக்கு அவ்வளவு ஆயுள். ஆனால் இஞ்சின் தலைக்குள் இருக்கும் விளிம்பைப் பற்றிய விதியைச் சோதிக்க ஒரு நாள் வேலை, ஒரு நிபுணர், ஒரு ஜாமீன் தொகை. மிகக் கண்டிப்பாக எழுதிய விதி அதுதான். மிகச் சுலபமாக மீறப்பட்டதும் அதுதான்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்த விதி எடை விதியே. மியாட்டாவிலும் சரி, ஸ்பெக் ரேஸரிலும் சரி, குறைந்தபட்ச எடையென்று புத்தகத்தில் போட்டிருப்பது ஓட்டுபவரையும் சேர்த்து. பந்தயம் முடிந்தவுடன் முன்னணி வண்டிகள் வீட்டுக்குப் போக முடியாது. நேரே தராசுக்குப் போகவேண்டும். தலைக்கவசமும் உடுப்புமாக மனிதர் ஆசனத்தில் இருக்க, நான்கு சக்கரங்களின் கீழும் தராசுத் தட்டுகள். ஒல்லியான வாலிபர் வண்டியின் தரையில் ஈயக் கட்டிகளைப் போல்ட் போட்டு முறுக்கி வைத்திருப்பார். பருத்த தேகமுள்ள குடும்பஸ்தருக்கு ஈயம் வேண்டாம். அவர் பலகாரம் சாப்பிட்டுச் சேர்த்ததை வாலிபர் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது!

கோடைகாலத்தில் அந்த இரும்புக் கூண்டுக்குள் முப்பது, நாற்பது நிமிஷம் ஓட்டினால், வியர்வையிலேயே இரண்டு ராத்தல் போய்விடும். டயர் தேய்ந்ததும் பெட்ரோல் எரிந்ததும் வேறு. கோட்டைக் கடந்து கோப்பை கைக்கு வரும் சமயத்தில் தராசு ஒரு ராத்தல் குறைவாகக் காட்டினால், கோப்பை அடுத்தவருக்கு. அதனால் அநுபவசாலிகள் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜயித்தவர் தராசுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது, தாகத்தால் நாக்கு வறண்டிருந்தாலும், கூட்டாளி ஓடிவந்து நீட்டுகிற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடமாட்டார். எடை முடியும்வரையில் தொடக் கூடாதென்பது வழக்கம். தராசுக்காரர் எண்ணைப் படித்துத் தலையசைத்த பிறகுதான் கையை நீட்டுவார்.